வேலியில் வெட்டிய ஊமத்தை

ஐப்பசி 14, செவ்வாய்

பூண்டுத் தோட்டத்து வேலியில் ஊமத்தையை வெட்டும்போது வியர்வையைத் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் வலது கண் கலங்கி, அந்தக் கண்ணுக்குக் கையிலிருந்த அரிவாள்கூடத் தெரியவில்லை. கண் போய்விட்டதென்றே நினைத்தேன். "கண்ணு முழுக்கக் கறுப்பாக் கெடக்கு புள்ள!" என்று பதறிய என் வீட்டுக்காரர், கொடைக்கானல் வரை பஸ்ஸில் என் கையை விடவில்லை. இருபது வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"ஊமத்தைச் சாறு பட்ட கையால கண்ணைத் துடைச்சிருக்கீங்கம்மா. அதான் கண்மணி விரிஞ்சிருக்கு. ரெண்டு மூணு நாள்ல தானா சரியாயிரும்" என்றார் கண் டாக்டர்.

"வெரசா வெட்டுன்னு நாந்தான் வெரட்டுனேங்க" என்று இவர் டாக்டரிடமே ஒப்புக்கொண்டார். நானோ பூண்டுக் காரம்தான் கண்ணில் பட்டுவிட்டதென்று அதுவரை பூண்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் பார்த்து இதை எழுதுகிறேன். எழுத்து கோட்டைத் தாண்டித்தான் ஓடுகிறது. ஆனால் கோடு தெரிகிறது.