அவிழ்க்கும் முன் கழற்றிய கடிவாளம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நம் சாரட்டு வாசலைத் தாண்டி ஓடி, எதிர்க்கடைக் கடிகாரக்காரரை இடித்துத் தள்ளிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், உயிருக்குப் பயமில்லை. குதிரை மிரண்டுவிட்டது என்று அப்பா உன்னிடம் போனில் சொன்னது பாதிதான். கல்யாணச் சவாரி முடிந்து வந்து அவர் கைகால் கழுவப் போனார், குதிரையின் கண்ணோரம் ஈ மொய்த்தது, பாவமாக இருந்தது, துடைத்துவிடலாம் என்று பின்னால் பார்க்கவிடாமல் மறைக்கும் கண்பட்டையோடு கடிவாளத்தைக் கழற்றியது நான்தான். வண்டியை அவிழ்க்காமலே. முதலில் வண்டி, அப்புறம்தான் கடிவாளம் என்று நீ நடை பழகும்போதே உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். இத்தனை வருஷம் கண்ணில் படாத வண்டி முதுகுக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்ததும் பிய்த்துக்கொண்டு ஓடியது, வண்டியும் விடாமல் துரத்துகிறதே, எப்படி நிற்கும்?

விசாரிக்க வந்த லைசென்ஸ் அதிகாரியிடம் அப்பா, கடிவாளத்தைக் கழற்றியது தான்தான் என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டுவிட்டார். அதற்கு முன் ஒரு மணி நேரம் கொட்டகையைச் சுற்றிக் காட்டி, பெரிய கோச்சு ஊர் ஊராகத் தபால் மூட்டை சுமந்தது, சின்ன பக்கி வண்டியில் டாக்டர் பிரசவம் பார்க்கப் போவார் என்று சரித்திரம் படித்தார். கல்யாணச் சாரட்டு ஒரு காலத்தில் சவப்பெட்டி ஏற்றியது, கறுப்பைச் சுரண்டி வெள்ளையடித்தோம் என்பதையும் உளறித் தொலைத்தார்.

வரும் இருபதாம் தேதி விசாரணை. தப்பு அவருடையது என்று முடிவானால் ஆயுளுக்கும் வண்டியில் ஏற விடமாட்டார்கள். நான் என்றால் லைசென்ஸ் இல்லாமல் குதிரையைத் தொட்டதற்கு என் மேல் கேஸ். உன்னைக் கூண்டுல ஏத்திட்டு நான் சாரட்டுல உக்காரணுமாடி என்று கத்துகிறார். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். கடிகாரக்காரர், நான் எல்லாத்தையும் பாத்தேன்க்கா, நீங்க என்ன சொல்லச் சொல்றீங்களோ அதையே சொல்லிடறேன் என்றார். திரும்பிப் படுக்க முடியாத மனுஷர் எனக்காகப் பொய் சொல்லத் தயாராக இருக்கிறார். வெட்கத்தில் அழுதுவிட்டேன். உள்ளதையே சொல்லுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவுக்கு இது தெரியாது.

குழந்தையை ஈரத்தலையோடு விடாதே, வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நீ தடுக்காதே. ஒன்று மட்டும் மறக்காதே, இருபதாம் தேதி எங்கள் நேரம் காலை பத்து மணிக்கு அப்பாவுக்குப் போன் செய். லைசென்ஸ் ஆபீஸ் வாசலில் அவரை நிறுத்திப் பேச்சை வளர்த்துக்கொண்டே இரு. நான் உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிட்டு வெளியே வரும்வரை போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்கார அம்மா