இரண்டாவது கசெட்டில் காற்று

ஒக்ரோபர் 3, சனி

காலையில் மூட்டம். மத்தியானத்துக்குப் பின் இடி, மழை. பிலிப்பு தொப்பலாக நனைந்து வந்தார். காலமெல்லாம் ரயில்வே கார்டாக இருந்த மனிதருக்குக் குடை எடுக்கத் தோன்றவில்லை. என்னுடைய அவர் உயிரோடு இருந்திருந்தால் தன் தம்பியை நன்றாக ஏசியிருப்பார்.

அப்புத்தளையிலிருந்து ஒரு வீடியோ கேம் கசெட் கொண்டுவந்தார். நிஞ்சாக்காரனின் இரண்டாம் பாகம். மகன் கனடா போகும்போது விட்டுப்போன கேம் பெட்டியில் முதலாம் பாகத்தை நான் போன மழைக்காலத்தில் இரண்டு முறை முடித்தவள். பிலிப்பு ஒரு முறையும் முடிக்கவில்லை. ஆனாலும் இரண்டாவதுதான் திறம் என்று சாதிக்கிறார்.

பந்தயம்: நானும் அப்படி ஒப்புக்கொண்டால் அவருக்கு ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாய். இல்லையென்றால் எனக்கு ஒரு பை பேரிக்காய். தவணை ஒரு கிழமை. தீர்ப்பு நேர்மையாக இருக்கவேண்டும்.

ஊறுகாய் போட உத்தேசம் இல்லை.

ஒக்ரோபர் 5, திங்கள்

வெயில். சவர்க்காரம், மெழுகுதிரி வாங்க வேண்டும்.

முதலாவது: படம் மங்கல். கதை அற்பம். ஆனால் ஒழுங்கு உண்டு. பருந்து எப்போதும் அதே தூணுக்குப் பின்னால்தான். செபம் பாடமாக்குவதுபோல் பாடமாக்கலாம். விழுந்தால் பிழை என்னுடையது.

இரண்டாவது: நிறம் நல்லது. இசை மிக நல்லது, கீழ்ச்சுரங்கள் தனியாக நடக்கின்றன. சுவர் ஏறுவது இலகு. மூன்றாம் கட்டம் மலை உச்சி, மூங்கில், காற்று. நான் பாய்ந்த பிறகு காற்றுத் திசை மாறிப் பள்ளத்தில் தள்ளுகிறது. எத்தனை முறை! திறமைக்கு இடமில்லை. நேர்மையில்லாத வேலை.

வீட்டு வேலைக்கு வரும் முத்தம்மா தேநீர்த் தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “கோப்பை ஆடுதுங்கம்மா” என்றாள். தட்டு கோணல். வேறு வாங்க வேண்டும்.

ஒக்ரோபர் 6, செவ்வாய்

பின்னேரம் கோவிலில் ஒத்திகை. ஞாயிறு செபமாலை மாதா திருநாள். நான் பாட்டுக்கு வாசிக்கும் ஓகனுக்கு முன்னால் இரண்டாவதாக ஒரு கதிரை. ஸ்டெல்லா டீச்சர் பக்கம் புரட்டட்டும் என்று புது சுவாமியின் ஏற்பாடு. இத்தனை வருடம் என் பக்கத்தை நான்தான் புரட்டினேன். ஸ்டெல்லா நல்ல பிள்ளை. வாசிப்பு இழுவை, மாட்டு வண்டி மாதிரி.

வருகைப் பாட்டில் இடக்கை இரண்டு இடத்தில் தவறியது. காணிக்கைப் பாட்டிலும். மழைக்குக் கட்டைகள் ஊறிவிட்டன.

செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது வெளியே ஸ்டெல்லாவின் குரல். “அவங்களுக்கே தெரியலைங்க பாதர். நான் எப்படிங்க சொல்றது?” நான் வாசலுக்கு வந்ததும் சுவாமி மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

எதைப் பற்றியோ. கேட்கவில்லை.

ஒக்ரோபர் 8, வியாழன்

மழை. கரண்ட் போய் வந்தது.

மலை உச்சி மறுபடியும். காற்று, பள்ளம். காற்று, பள்ளம். தீர்ப்பு எழுதிவிட்டேன்: இரண்டாவது வெறும் சோடனை. செய்தவனுக்கு விளையாடுகிறவர்மேல் மரியாதை இல்லை.

கறுப்புச் சேலை வேண்டாம். திருநாளுக்கு நீலம். முத்தம்மாவிடம் இஸ்திரி போடச் சொல்ல வேண்டும்.

சேலைக்கு ஊசி குத்த வெகுநேரம். ஊசி சிறியது.

ஒக்ரோபர் 10, சனி

பிலிப்பு வந்தார். குடையோடு. தீர்ப்பை வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, வடையை வாயில் வைத்தபடி உட்கார்ந்து மூன்றாவது முறையிலேயே மலை உச்சியைக் கடந்தார். முதலாவதில் ஆற்றங்கரையைத் தாண்டாத மனிதர்.

“முதலாவது டைம்டேபிள், மச்சாள். இதுதான் ரயில்” என்றார். தனக்கே சிரிப்பு.

பொத்தான் இறுகிவிட்டது என்றேன். பெட்டியைக் கழற்றி ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். பிறகு நான் விளையாடினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்புப் போய்விட்டது.

“மச்சாள், பழையதை ஒருக்காப் போட்டுப் பாருங்கோவன்.”

எனக்கு அது மனப்பாடம், எதற்கு என்றேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பினார். நேரமாகவில்லை.

அவர் போனபின் முதலாவதைப் போட்டேன். பருந்து அதே தூணுக்குப் பின்னால். எப்போது பாய வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே விழுந்தேன். திரும்பவும். ஒரு தரம் அமத்த நினைத்த இடத்தில் பெருவிரல் இரண்டு தரம் அமத்துகிறது. ஆற்றங்கரைக்குக்கூடப் போகவில்லை.

அந்தக் கசெட்டில் காற்று இல்லை.

தட்டைச் சமமான மேசையில் வைத்துப் பார்த்தேன். ஆடவில்லை.

ஒக்ரோபர் 11, ஞாயிறு

நல்ல வெயில். நீலச் சேலை.

பூசைக்கு முன் சுவாமியிடம் போய், இன்று ஸ்டெல்லா வாசிக்கட்டும் என்றேன். சுகமில்லையா என்று கேட்டார். சுகமாக இருக்கிறேன் என்றேன். அவர் முகத்தில் தெரிந்த ஆறுதலை அவர் மறைத்திருக்கலாம்.

ஸ்டெல்லா அழப்பார்த்தாள். “நீங்க பக்கத்துல இருங்க மிஸ். இல்லாட்டி நான் வாசிக்க மாட்டேங்க.” இரண்டாவது கதிரையில் உட்கார்ந்தேன். வருகைப் பாட்டு இழுவை. முழங்காலில் விரலால் தாளம் தட்டிக் காட்டினேன். அந்தத் தாளமும் சரியாக வரவில்லை என்று கண்டு கையை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தை அவளே புரட்டினாள். காணிக்கைப் பாட்டில் பிழை இல்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. இரண்டாவதைப் போட்டேன். பாயாமல் மலை உச்சியில் சும்மா நிற்கவிட்டுப் பார்த்தேன். காற்றுத் திசை மாறுவதற்கு முன் மூங்கில் இலை எல்லாம் ஒரு கணம் அசையாமல் நிற்கிறது. ஒவ்வொரு முறையும். முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும். நேர்மையான வேலை. முதலாவதைவிடத் திறம்.

பாய்ந்தும் பார்த்தேன். பள்ளம்.

பிலிப்பு சனிக்கிழமை வருவார். நல்ல தேசிக்காயாக ஒரு கிலோ. உப்பு, மிளகாய்த்தூள், போத்தல் காயவைக்க வேண்டும். காய்களை முத்தம்மா வெட்டட்டும்.