தங்கை வண்டிக்கு எந்த மூடி

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் முட்டி மட்டும் படியேறும்போது தன்னை ஞாபகப்படுத்திக்கொள்கிறது. நீயும் மருமகளும் குழந்தையும் அப்படியே குறையில்லாமல் இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் அது முடியாது.

விஷயம் உன் தங்கையின் பிக்கப் வண்டி. போன மாத மழையில் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு பறந்து, சோபா பழுதுபார்க்கும் வேலைக்கு அவள் வாங்கி வந்த ஸ்பாஞ்சு முழுவதும் ஊறிப்போனதை அவள் உன்னிடம் சொன்னாள். சொன்ன கையோடு நீ அங்கிருந்தே இந்த ஊர்க் கடையில் பின்தொட்டிக்குக் கெட்டி மூடி ஒன்று ஆர்டர் கொடுத்துவிட்டாய். உன் மனசு எனக்குத் தெரியும், தங்கையின் சாமான் நனைந்தால் தூக்கம் வராத அண்ணன் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் அந்த மூடி அவளுக்கு உதவாது. அது பெட்டி மூடி மாதிரி ஒரே பலகை, பின்பக்கத்தை மட்டும் சரிவாகத் தூக்கலாம், அவ்வளவுதான். ஸ்பாஞ்சும் துணியும் அதற்கு அடியில் பத்திரமாக வரும், சரி. பழுது பார்த்த சோபாவைத் திருப்பிக் கொண்டுபோகும்போது அதன் முதுகு தொட்டிக்கு மேலே நிற்குமே, அப்போது என்ன செய்வாள்? பலகையைக் கழற்ற இரண்டு ஆள் வேண்டும். மாப்பிள்ளை வெளியூர் வேலை, சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருகிறார். மற்ற நாளெல்லாம் அவள் ஒருத்திதான் ஏற்றி இறக்குகிறாள், என் முட்டியை நம்பி ஒரு பலகையைத் தூக்க முடியாது.

வைப்பர் மாற்ற அவள் அந்தக் கடைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். அங்கே ஒரு வண்டியில் சுருட்டுகிற மூடி போட்டிருந்தார்கள். மேலே தடித்த ரெக்சின், அடியில் குறுக்கே அலுமினியப் பட்டைகள், பாய் சுருட்டுவதுபோல் டிரைவர் கேபின் வரைக்கும் சுருட்டி இரண்டு வாரால் கட்டிவிடலாம். கடைக்காரர் உன் தங்கையிடம் உங்க வீட்டுக்காரர் வரலையாம்மா என்று கேட்டார், அதற்கு இவள் அவர் எதுக்குங்க, நான் பிரேக் போட்டாலே கண்ணை மூடிக்குவார் என்று சொல்லிவிட்டாள். நான் அந்த மூடியின் தையலைத் திருப்பிப் பார்த்தேன். கான்வென்ட் பள்ளியில் சிஸ்டர்கள் எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த விதத்தில் எனக்கு லேசில் எதுவும் திருப்தியாகாது என்பது உனக்குத் தெரியும், இதில் இரட்டைத் தையல் நேராகவே போயிருந்தது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னேன், அவர் தயங்கினார், விற்கிறவருக்கே பயமா என்றேன், ஊற்றினார். ஓரத்து ரப்பரில் நாலு சொட்டு கசிந்தது, உள்ளே தரை காய்ந்தே இருந்தது. திருடன் கத்தியால் கிழிக்கலாமே என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். கிழிக்கலாம்தான், ஆனால் அவள் வண்டியைத் தெருவில் விட்டு வைப்பதில்லை, ராத்திரி ஷெட்டுக்குள் நிறுத்துகிறாள். உன் தங்கை அதை ஒற்றை ஆளாகச் சுருட்டினாள், விரித்தாள், மறுபடியும் சுருட்டினாள். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, அண்ணன்தான் ஏற்கெனவே வேற மூடி சொல்லிட்டாருங்களே என்று சொல்லிவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இத்தோடு போயிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். நேற்று பல் டாக்டர் தன் கிளினிக்கின் நீள சோபாவுக்காகக் கூப்பிட்டார். அடுத்த மாதத்திலிருந்து பெரிய சோபா எடுக்கலை டாக்டர், நாற்காலி இருந்தா சொல்லுங்க என்று இவள் பதில் சொல்வது சமையலறையில் என் காதில் விழுந்தது. ஏன்டி இப்படி என்று கேட்டேன். அண்ணன் ஆசையா வாங்கித் தரார், வேணாம்னா மனசு கஷ்டப்படும்மா, நாற்காலி வேலை போதும் எனக்கு என்கிறாள். நீ கொடுக்கிற பரிசுக்காகத் தன் தொழிலில் பாதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடப் பார்க்கிறாள். கடையில் விசாரித்தேன், பொருத்துவதற்கு முன்னால் ஆர்டர் கொடுத்தவரே சொன்னால் மாற்றித் தருவார்களாம். நான் சொல்லி நடக்காது, நீ சொல்ல வேண்டும்.

ஆனால் நீயே சுருட்டுகிற மூடிக்கு மாற்றிவிட்டு அவளுக்குச் செய்தி சொல்லாதே, அதுவும் நீ எடுத்த முடிவாகவே போய்விடும். முதலில் அவளைக் கூப்பிடு. உனக்கு எது வேணும் என்று கேள். எதுனாலும் சரிண்ணா என்பாள். அதோடு போனை வைத்துவிடாதே. அப்பா போன பிறகு அவள் உன்னை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறாள், எனக்கு அது பெருமை, அவளுக்குத்தான் வாய் திறக்க முடியாமல் போகிறது. இன்னொரு தடவை கேள், கேட்டுவிட்டு நீ பேசாமல் இரு. அவள் சொல்லுவாள்.

நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல், மனசு நிறைந்து இருக்க அம்மாவின் ஆசீர்வாதம். சனிக்கிழமைக்குள் கடையில் பொருத்தக் கூப்பிடுவார்கள், அதற்கு முன்னால் பேசு. நான் எழுதியதாக அவளிடம் மூச்சு விடாதே.

உன் அம்மா