நான் பார்க்காத அந்த ஒரு மணி நேரம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. போன பந்தயத்தில் விழுந்து உடைந்த உன் தோள் எலும்பு குளிரில் வலிக்காமல் இருக்கிறதா என்பதுதான் என் கவலை. உன் தம்பி வேலை மாற்றலாகிப் போய் மூன்று மாதம் ஆகிறது, பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் மிக்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரித் தையல் அறையில் மட்டும் நான் பெரிய மனுஷி, தலையணை உறை வாங்க வரும் நர்சுகள்கூட ‘சைக்கிள்காரி அம்மா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஒன்று மனதை உறுத்துகிறது, கோபித்துக்கொள்ளாதே. ஒரு மணி நேரத்தில் அதிக தூரம் ஓட்டி நீ சாதனையை முறியடித்தாயே, அன்று தம்பியின் கணக்குப்படி உனக்குக் காலை பத்தரை என்றால் எனக்கு மதியம் மூன்று. மேற்பார்வையாளரிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் வாங்கிக்கொண்டு, துணிமூட்டைகளுக்கு நடுவே போனோடு உட்கார்ந்தேன். நேரலையில் காலி ஓடுதளம்தான் தெரிந்தது. போன் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்து, சுவர்க் கடிகாரத்தையே பார்த்தபடி, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தேன். நான்கு அடித்ததும், அப்பாடா இறங்கிவிட்டாள் என்று மெஷினுக்குப் போய்விட்டேன். குளிர்காலத்தில் உங்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளி வைப்பார்களாம், எனக்கு யார் சொன்னார்கள்? நீ சைக்கிளில் ஏறியதே அப்போதுதான். நீ மூச்சு முட்ட ஓட்டிய நேரம் முழுக்க நான் தலையணை உறைக்கு நாடா தைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் போனில் நீ கேட்டது ஒன்றே ஒன்று, “பாத்தியாம்மா?” “பாத்தேன்டி” என்று சொல்லிவிட்டேன். நீ அழுதாய். அதற்குப் பிறகு எப்படி மாற்றிச் சொல்வது?

பத்து கிலோமீட்டர் சாதனை முடியட்டும் வருகிறேன் என்றாய், அப்புறம் இந்த ஒரு மணி நேரம் முடியட்டும் என்றாய், இப்போது உன் சாதனையை நீயே முறியடிக்கப் போகிறாயாம். உன்னை நீயே துரத்துவதற்கு முடிவு உண்டா கண்ணு? நீ வந்து ஐந்து வருஷமாகிறது. உன் காலைக் கட்டிப்போட்டவள் என்ற பேர் வேண்டாம் என்றுதான் வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிடுகிறேன். தனியாக இருக்க முடியவில்லை, வந்துவிட்டுப் போ.

தம்பியைத் திட்டாதே, அது அவன் கோடையில் எழுதிக் கொடுத்த கணக்கு. நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், நன்றாக இரு. அடுத்த சாதனையை முடித்துவிட்டு வருவதோ முடிக்காமல் வருவதோ உன் இஷ்டம். நீ ஓட்டித்தான் நான் பார்க்க வேண்டும் என்றில்லை, நம் வீட்டில் நீ தூங்குவதைப் பார்த்தால் போதும்.

இப்படிக்கு,
பொய் சொன்ன உன் அம்மா