டிக்கியில் என் பாடப்புத்தகங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

ரலிட்சா எழுதுவது. அப்பாவின் முட்டிவலி குறைந்ததா? நானும் அண்ணனும் நலம். அவன் தூங்கியபின் எழுதுகிறேன். போனில் பேசினால் அவன் காதில் விழுந்துவிடும். காலையில் இந்தக் கடிதத்தை நம் ஊர் பஸ் ஓட்டுநரிடம் கொடுத்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து வரும்போது, ஈரச் சாலையில் அண்ணன் காரின் ஆக்சிலரேட்டரை வேகமாக அழுத்தினான். பின்சக்கரங்கள் வழுக்கி, கார் சுற்றி, வந்த திசையைப் பார்த்தே நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வழியில் வாங்கிய ரொட்டி மட்டும் நசுங்கியது.

டயர் கடை திம்சோ மாமா அவனைத் திட்டினார். "இஞ்சினோட சக்தி மொத்தமும் பின்சக்கரத்துக்குத்தான்டா போகுது. உன் அகல டயர் வெயில் காலத்துக்கு. குளிர்ல கட்டையாட்டம் இறுகிடும், தரையைப் பிடிக்காது. பனி டயர் மாத்து. டிக்கியில ரெண்டு மணல் மூட்டை போடு, பின்னாடி பாரம் இருந்தாத்தான் சக்கரம் தரையைப் பிடிக்கும்."

"இதென்ன லாரியா மாமா? பசங்க சிரிப்பாங்க," என்றான் அண்ணன்.

சனிக்கிழமை புனித நிக்கோலா திருநாள் விருந்துக்கு இதே காரில்தான் கணவாய் தாண்டி வீட்டுக்கு வருகிறோம். அங்கே பனி கொட்டுகிறதாமே.

நீங்களே நினைத்துச் சொல்வதுபோல, பனி டயர் மாட்டி வரச் சொல்லுங்கள். ஐம்பது கிலோ மாவும் சர்க்கரையும் வாங்கி வரக் கேளுங்கள். உங்களுக்கென்றால் மூட்டை ஏற்ற வெட்கப்படமாட்டான். உருளைக்கிழங்கு மட்டும் வேண்டாம். நம் ஊரிலேயே விளைவதால் சந்தேகப்படுவான்.

என் பாடப்புத்தகங்களை டிக்கியில் ஒளித்துவிட்டேன். மொத்தமே பதினோரு கிலோதான்.

அண்ணன் புரள்கிறான், விளக்கை அணைக்க வேண்டும். அவன் எதற்கும் சம்மதிக்காவிட்டால், நான் முன்சீட்டில் உட்காரமாட்டேன் அம்மா. பின்சீட்டில் வருகிறேன். நான் நாற்பத்திரண்டு கிலோ இருக்கிறேன்.

உங்கள் ரலிட்சா