வெளுத்துப்போன விளக்கு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று பட்டறையில் முதலாளியம்மா, ஒரு பழைய காரின் மஞ்சள் பூத்துப்போன முன்விளக்கைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்க்கச் சொன்னார். தேய்த்ததும் விளக்குக் கண்ணாடி பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது! வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அவரே வந்து பார்த்தார். "ஏன்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? முதல்ல அப்படித்தான் வெளுக்கும். பாலிஷ் போடு, பளிச்சுனு ஆயிடும்" என்று சிரித்தார். அப்படியே ஆனது!

இனிமேல் பாலிஷ் போட எனக்கென்று மெல்லிய துணி வேண்டுமாம். உங்கள் பழைய பனியன் ஒன்று அனுப்புங்கள். துவைக்காமலே அனுப்புங்கள், இரண்டு நாள் என்னோடு வைத்திருந்துவிட்டு நானே துவைத்துக்கொள்கிறேன். முதலாளியம்மா கூப்பிடுகிறார்.

உங்கள் சின்னக்குட்டி