மணிக்கட்டில் நான்கு தட்டல்

செப்டம்பர் 9

இரண்டு கல்லூரிகளுக்கும் விண்ணப்பம் போய்விட்டது. மினியாபொலிஸ், ஃபார்கோ. எது கிடைத்தாலும் மூன்று வருடப் படிப்பு. முடித்தால் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ். போன வருடம் இரண்டுமே நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. இந்த வருடமும் இல்லையென்றால் விட்டுவிடுவதாக எனக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பெரிய ஏரியில் மூடுபனி. காலை முழுக்கக் கப்பல்கள் ஊதிக்கொண்டே இருந்தன.

நான் வேலை பார்க்கும் ஐ.சி.யூ.வில் ஆறாம் படுக்கைக்குப் புது ஆள். ஹார்லன் லுண்டீன், இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் சமையல்காரர், அறுபதைத் தாண்டியவர். இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. வென்டிலேட்டர். தூக்க மருந்தும், உடம்பை அசையவிடாத மருந்தும் சேர்ந்து ஓடுகின்றன. மூச்சு ஏறுவதற்காகக் குப்புறப் படுக்க வைத்திருக்கிறோம். ஒரு காது தலையணையில் அழுந்தியிருக்கிறது, கீழ்வீட்டில் யாரோ பேசுவதை ஒட்டுக்கேட்பவர் மாதிரி.

செப்டம்பர் 13

ஃபார்கோ கூப்பிட்டுவிட்டது! அக்டோபர் பத்து. மினியாபொலிஸ் அதற்கு அடுத்த வாரம்.

செப்டம்பர் 16

தூக்கத்தில் இருப்பவரிடமும் பேசிக்கொண்டே வேலை செய்வது எங்கள் ஐ.சி.யூ. வழக்கம். இன்று என்ன கிழமை, வெளியே மழையா, இதோ கையைத் தூக்கப் போகிறேன், இப்படி. எனக்குப் பேச்சு தீர்ந்துவிட்டது. நேர்காணல் கேள்விகளை எடுத்துக்கொண்டேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

முதலில் மணிக்கட்டில் சோதனை. நரம்பின் மேல் சின்ன மின்தட்டல், வரிசையாக நான்கு. அசையாமை மருந்து எவ்வளவு பிடித்திருக்கிறது என்று கட்டைவிரல் சொல்லிவிடும். ஒன்றிரண்டு முறை துடித்தால் மருந்து சரியாக வேலை செய்கிறது. நான்கு முறையும் துடித்தால் பிடி விட்டுவிட்டது, ஆள் திரும்பி வந்துகொண்டிருக்கிறார். ஹார்லனுக்கு ஒன்றுதான். பிறகு வாயைத் துடைத்துவிட்டபடி கேள்வியை நானே கேட்டு, பதிலையும் நானே சொன்னேன். "நீங்கள் ஏன் மனிதர்களைத் தூங்க வைக்க விரும்புகிறீர்கள்?" கடைசியில் தேர்வுக்குழுத் தலைவர் குரலில்: "நன்றி. முடிவை அப்புறம் சொல்கிறோம்."

ஷிப்ட் பொறுப்பாளர் லூயெல்லா திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். "உனக்குக் கிடைக்குதோ இல்லையோ, அந்த மனுஷனுக்கு சீட் நிச்சயம்டி."

செப்டம்பர் 21

பதில் இன்னும் மரக்கட்டை மாதிரி இருக்கிறது. இன்றும் ஹார்லனிடம் முழுசாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். நாளைக்கும்.

செப்டம்பர் 23

தியேட்டரில் கர்டிஸோடு நின்று வேலையைப் பார்த்தேன். விண்ணப்பத்துக்கு அது தேவை. இருபது வருடமாக மயக்கம் கொடுக்கிற நர்ஸ் அவர். எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்டேன்.

"மினியாபொலிஸ்ல படிச்சா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவ. உனக்கு மேல ஒரு டாக்டர் நிப்பார். ஃபார்கோல படிச்சவங்க சின்ன ஊருக்குப் போறாங்க. அங்க தூங்கறவனுக்கும் உனக்கும் நடுவுல வேற யாரும் கிடையாது. அது உனக்கு ஆகுமான்னு பாத்துக்க, பிரிட்டா."

ஆகுமா?

செப்டம்பர் 29

ஹார்லனுக்கு மருந்துகளை நிறுத்தி, இன்று குழாயை எடுத்தோம். எல்லோரும் கைதட்டினார்கள். நான் "குட் மார்னிங் சார்" என்றதும் முகம் மாறிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு காலையும் படுக்கையில் அழுத்தி ஊன்றிக்கொண்டார். ஏன் என்று புரியவில்லை.

அக்டோபர் 2

இன்றுதான் பேச முடிந்தது. குரல் தவிடு மாதிரி உதிர்கிறது.

"நீதானா அது?"

"எது சார்?"

"நாலு தட்டு தட்டிட்டு வருவியே. கேள்வி கேக்க."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

மயக்கத்தில் அவர் இருந்தது ஒரு நீளமான அறையாம். சுவருக்குப் பின்னால் எஞ்சின் ஓடுகிற சத்தம். எதிரே மூன்று பேர், நடுவில் என் குரலோடு ஒரு ஆள். ஜன்னலோரம் நரைத்த தலையோடு ஒரு பெண், வாயே திறக்க மாட்டாளாம்.

"என்னால நாக்கைக்கூட அசைக்க முடியல. ஆனா பதில் சொன்னேன்மா. ஒவ்வொரு தடவையும் சொன்னேன். சரியாச் சொன்னா வெளிய விட்ருவீங்கன்னு நெனச்சேன். நீ என்னடான்னா, நன்றி, முடிவை அப்புறம் சொல்றோம்ங்குற. எத்தன தடவ! கப்பல் கம்பெனிக்காரனே என்னை மொத தடவையில எடுத்துக்கிட்டான்."

சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். அது உங்களைக் கேட்ட கேள்வி இல்லை, நான் பரீட்சைக்குப் பழகியது என்றேன். கேட்டுக்கொண்டார். நம்பின மாதிரித் தெரியவில்லை.

"என்ன பதில் சார் சொன்னீங்க?"

"தூங்க வைக்கறதுல எனக்கு ஒண்ணும் ஆசை இல்ல. போனவங்க திரும்பி வர்ற வரைக்கும் வாசல்ல யாராச்சும் உக்காந்திருக்கணும்ல? அதுக்குத்தான் வந்தேன்னு சொன்னேன்."

நான் போகத் திரும்பியபோது கூப்பிட்டார். "அந்த ரூம்ல என்னை உக்கார வச்ச நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஆடிக்கிட்டே இருக்கும். ஆடினா ஃபெயிலாக்கிடுவீங்கன்னு காலை ஊணிக்கிட்டே கெடந்தேன்."

தட்டல் நான்தான். குரல் நான்தான். எஞ்சின் சத்தம் வென்டிலேட்டர். ஆனால் நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தைகூட நான் சொன்னதில்லையே.

அக்டோபர் 3

ஹார்லன் தூங்கவே இல்லையாம். கண்ணை மூடினால் தட்டுகிறார்களாம்.

அக்டோபர் 6

நுரையீரலைச் சுற்றிச் சீழ். குழாய் வைத்தும் வடியவில்லை, ஆபரேஷன் செய்தாக வேண்டும். இந்த வாரத்துக்குள் செய்யாவிட்டால் மறுபடி வென்டிலேட்டர், இந்தத் தடவை திரும்ப மாட்டார் என்று சர்ஜன் வெளிப்படையாகவே சொன்னார். ஹார்லன் கையெழுத்துப் போட மறுக்கிறார்.

"செத்தாலும் முழிச்சுக்கிட்டே சாவறேன். அந்த ரூமுக்கு என்னை அனுப்பாதீங்க. முடிவே சொல்லாம வச்சிருக்காங்க என்னை."

லூயெல்லா என்னை மருந்து அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "ஐ.சி.யூ. மயக்கத்துல எல்லாரும் எதையாச்சும் பாப்பாங்க. போன மாசம் ஒருத்தர் கூரையில மீன் பிடிச்சாரு. நீ அதுக்குக் காரணம் இல்ல, போடி."

கூரை மீனுக்கு நான் காரணம் இல்ல. இதுக்கு? நான்தானே கேட்டேன். தினம் தினம் கேட்டுட்டு, ஒரு தடவையாவது போதும் போங்கன்னு சொன்னேனா?

அக்டோபர் 10, ஃபார்கோ, கார் நிறுத்துமிடம்

இன்னும் காரைக் கிளப்பவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

இரண்டாம் மாடி. நீளமான அறை. மூன்று பேர். ஜன்னலோரம் நரைத்த தலையோடு ஒரு பெண். சுவருக்குள் ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. எல்லாப் பழைய கட்டிடத்திலும் ஹீட்டர் உறுமும், எல்லாத் தேர்வுக்குழுவிலும் நரைத்த தலை ஒன்று இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். "உக்காருங்க" என்றார் நடுவில் இருந்தவர். உட்கார்ந்தேன்.

நாற்காலி ஆடியது.

காலை ஊன்றிக்கொண்டேன். மருந்துகள், இரத்த அழுத்தம் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் வாய் தானாகப் பதில் சொன்னது. பிறகு அந்தக் கேள்வி. நான் பழகிவைத்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் வந்தது அவருடையது. வாசலில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது. இது என் வார்த்தை இல்லை, ஒரு நோயாளி சொன்னது என்றும் சொல்லிவிட்டேன்.

அதுவரை பேசாதிருந்த ஜன்னலோரப் பெண் நிமிர்ந்தாள். "போன வருஷமும் வந்திருந்தீங்களா?"

"இல்லைங்க. போன வருஷம் என்னைக் கூப்பிடல."

"இந்தப் பதிலை நான் கேட்டிருக்கேன்," என்றாள். என்னைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தாள். "அங்க இருந்துதான்."

மற்ற இருவரும் காகிதத்தைப் புரட்டினார்கள். நடுவில் இருந்தவர் புன்னகைத்தார். "நன்றி. முடிவை அப்புறம் சொல்றோம்."

அக்டோபர் 11

இன்று எனக்கு விடுமுறை. யூனிஃபார்ம் இல்லாமலே போனேன். ஹார்லன் விழித்துக்கொண்டு, கண்களுக்குக் கீழே கருத்துப்போய்க் கிடந்தார்.

"அந்த ரூமுக்குப் போயிருந்தேன் சார். நாற்காலி ஆடுச்சு."

ஆச்சரியமே படவில்லை. "ஆடாம?" என்றார்.

"உங்க பதிலைச் சொன்னேன். முடிவு வந்துடுச்சு. உங்களை எடுத்துக்கிட்டாங்க. இனிமே கூப்பிட மாட்டாங்க."

தலையைத் தூக்கினார். "எழுத்துல குடுத்தாங்களா?"

"வாயாலதான்."

"கப்பல்லயும் அப்படித்தான் குடுத்தாங்க," என்று கையெழுத்துப் போடப் பேனாவுக்குக் கையை நீட்டினார்.

பொய்தான் சொன்னேனா? தெரியவில்லை. மத்தியானம் அவர் தூங்கினார். நாற்காலியைக் கதவருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 13

ஆபரேஷன் முடிந்தது. நுரையீரல் நன்றாக விரிந்துவிட்டது. கர்டிஸ்தான் மயக்கம் கொடுத்தார். முகமூடியை வைக்கும்போது ஹார்லன், "தம்பி, யாராச்சும் ஏதாச்சும் கேப்பாங்களா?" என்றார். "நான்கூடக் கேக்க மாட்டேண்ணே," என்றார் கர்டிஸ்.

விழித்ததும் ஹார்லன் தண்ணீர் கேட்டார். பிறகு நானே கேட்டேன், அந்த ரூம் இருந்ததா என்று.

"இருந்துச்சு. கதவு பாதி தொறந்திருந்துச்சு. என்னை யாரும் கூப்பிடல." உதட்டை நனைத்துக்கொண்டார். "நாற்காலியில நீ உக்காந்திருந்த. காலை ஊணிக்கிட்டு. இன்னும் பதில் சொல்லிக்கிட்டே இருந்த."

அக்டோபர் 14

தூக்கம் வரலை.

நவம்பர் 4

இரண்டு இடத்திலும் கிடைத்துவிட்டது. முதலில் ஃபார்கோ, இன்று மினியாபொலிஸ். லூயெல்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. "மினியாபொலிஸ் பக்கம், பேரும் பெருசு, இதுல யோசிக்க என்னடி இருக்கு?" ஃபார்கோவுக்குச் சரி என்று எழுதிவிட்டேன் என்றேன். "அந்த நாற்காலிக்குப் பயந்து ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்தவ நீ. மறுபடி அங்கயே போறியா?"

ஹார்லன் சொன்னது வெறும் மயக்கம் என்றால் எங்கே படித்தாலும் ஒன்றுதான். உண்மை என்றால் அந்த நாற்காலியில் என்னை விட்டுவிட்டு நான் மட்டும் வேறு ஊருக்குப் போக முடியாது.

அவர் போன வாரம் வீட்டுக்குப் போய்விட்டார். நன்றாகத் தூங்குகிறாராம். இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டிச் சுருள் ஒரு தட்டு நிறைய அனுப்பியிருக்கிறார்.

ஜூன் 6

படிப்பின் இரண்டாம் வருடம். ஃபார்கோவுக்கு மேற்கே, தியேட்டர் ஒன்றே ஒன்று உள்ள சின்ன ஆஸ்பத்திரி. இன்று முதல்முறையாக ஒரு ஆளை முழுக்க என்னிடமே விட்டார்கள். ஆசிரியை கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றதோடு சரி. கோதுமை விவசாயி வீட்டு அம்மாள், குடலிறக்கம்.

தையல் போட்டு முடிக்கிறார்கள். அசையாமை மருந்து விட்டுவிட்டதா என்று பார்க்க வேண்டும். அந்த அம்மாள் இன்னும் ஆழ்ந்த தூக்கத்தில்தான் இருந்தார். குனிந்து காதில் சொன்னேன். "மணிக்கட்டுல தட்டப் போறேன்மா. நான்தான், பிரிட்டா. கேள்வி ஒண்ணும் இல்ல. வாசல்லதான் இருக்கேன்."

தட்டினேன். கட்டைவிரல் நான்கு முறை அசைந்தது. கருவியை அணைத்துக் கீழே வைத்தேன்.

பிறகு, யாரும் தட்டாமலே, ஐந்தாவதாக ஒரு முறை அசைந்தது, பதில் மாதிரி.